வ என்றால் வடக்கு

போன மாதம் எங்கள் பழைய ஒர்க்ஷாப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பச்சை பெயிண்டில் எழுதிய ஒரு வரி தலையைக் காட்டியிருக்கிறது: "இங்கே வ என்றால் வடக்கு." இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் படத்துக்குக் கீழே ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். ஒருவர் வாஸ்து என்றார். இன்னொருவர், முன்பு அந்த இடத்தில் பள்ளிக்கூடம் நடந்திருக்கும் என்றார். மூன்றாமவர், "செல்வம் அண்ணனைக் கேளுங்க, அவர்தான் அந்தக் காலத்து ஆள்" என்று எழுதியிருந்தார். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தக் காலத்து ஆளாம்.

கோபத்தில் உடனே பதில் தட்டப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்த வரி சுவருக்கு வந்ததே என் கோபத்தால்தான். அதை இரண்டு வரியில் சொன்னால் நான் நல்லவனாகத் தெரிவேன், அது உண்மை இல்லை. அதனால் உட்கார்ந்து முழுதாகவே எழுதுகிறேன்.

எனக்குப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா, அம்மா இருவரும் நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் கூலிக்குப் போனவர்கள். நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். பாடத்தில் பிரேக்குக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். தஞ்சாவூர் ஒர்க்ஷாப்பில் சேர்ந்த முதல் வாரமே அந்த நாலு பக்கத்தையும் மறந்துவிடச் சொன்னார் கோவிந்தராசு மேஸ்திரி. மறந்துவிட்டேன். மீதியெல்லாம் கை கற்றுக்கொண்டது. பத்து வருடத்தில், "பிரேக்கா, செல்வத்துக்கிட்ட விடு" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்பது என் அளவு. என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கொள்ளிடக் கரையில், திருப்பனந்தாள் பக்கம், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாயில் வலது, இடது என்ற சொற்களே வராது. எல்லாம் திசைதான்; மேற்கு என்றால் மேல, கிழக்கு என்றால் கீழ. சாப்பிட உட்கார்ந்தால், "அந்தத் தெக்கால இருக்கிற கூட்டை இப்படித் தள்ளு" என்பார். ஒரு தடவை கண் டாக்டரிடம் போய், "மேலக் கண்ணு மங்கலா தெரியுது" என்றாராம். டாக்டர் அவரை நாற்காலியோடு அரைச் சுற்றுத் திருப்பி உட்காரவைத்து, இப்போது எந்தக் கண் என்று கேட்டாராம். "இப்பக் கீழக் கண்ணு" என்றாராம் மேஸ்திரி. இதை ஒர்க்ஷாப்பில் யாரோ கட்டிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவரிடமே கேட்டபோது அவர் இல்லை என்று சொல்லவில்லை.

சத்தம் போட்டுப் பேசமாட்டார். கழற்றிய நட்டு, போல்ட்டுகளை ஒரு பழைய முறத்தில், கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். நாம் செய்த வேலையைக் குனிந்து பார்ப்பார். பிறகு வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சரியில்லை என்றால், "ம்" என்பார். அந்த ஒரு எழுத்துக்கு நாங்கள் எல்லோரும் நடுங்குவோம்.

எங்கள் ஷெட்டுக்கு வாசல் மேற்கே. உள்ளே வருகிற வண்டி மூக்கைக் கிழக்கே வைத்துத்தான் நிற்கும். அதனால் அவர் பேச்சில் எங்களுக்குக் குழப்பம் வந்ததே இல்லை. வடக்கு வீல் என்றால் கிளீனர் பக்கம், தெற்கு வீல் என்றால் டிரைவர் பக்கம். காதில் விழுந்ததும் கை தானாக அங்கே போய்விடும்.

இனி வேலைக்கு வருகிறேன். பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்கவேண்டும். காற்று புகுந்துவிட்டால், நாம் மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். வீலுக்குப் போய்ச் சேராது. பெடல் கொழகொழவென்று அடிவரைக்கும் இறங்கும். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் நாங்கள் ஏர் எடுப்பது என்போம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் அடியில் படுத்து, வீலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். நிப்பிளில் உள்ளே போவது தெரிகிற மாதிரி ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் விட்டிருப்போம். "மிதி" என்றால் மூன்று தரம் மிதிக்கவேண்டும். "பிடி" என்றால் மிதித்தபடியே நிற்கவேண்டும். நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். டியூபில் ஆயிலோடு காற்று குமிழி குமிழியாக வரும். மூடிவிட்டு, "விடு" என்பேன். அப்போதுதான் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால், வெளியேறிய காற்றை அது மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். பெடலுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற பின் வீலில் தொடங்கி, கிட்டத்து வீலில் முடிப்பது முறை. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் முகம் தெரியாது. குரல் ஒன்றுதான்.

மிதிப்பதற்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்தான். பெரும்பாலும் வண்டிக்குச் சொந்தக்காரர்கள். ஒரு தமிழாசிரியரிடம், "விட்டு விட்டு மிதிங்க சார்" என்றேன். "எதை விட்டுவிட்டு?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆயில் தீர்ந்துவிட்டது. ஒரு நாதஸ்வர வித்வான், நான் "பிடிங்க" என்றதும் பெடலோடு மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நிப்பிள் இறுகிப்போய்த் திறக்கமாட்டேன் என்றது. ஒருவழியாக, "விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பார்த்தால், மனிதர் முகம் சிவந்து வேர்த்துக் கொட்டுகிறது. "ஆலாபனையில கூட இவ்வளவு நேரம் நின்னதில்ல தம்பி" என்றார்.

காற்று நிற்காவிட்டால் நான் முதலில் குறை சொல்வது மேலே இருப்பவரைத்தான். "நான் சொல்றதுக்கு முன்னாடி கால எடுத்துட்டீங்க" என்பேன். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். மீதி நேரத்தை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. மலர்க்கொடி அக்கா வரும்வரை.

மலர்க்கொடி அக்கா கடற்கரை ஊர்க்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்கா, கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து, ஒரு பழைய பிக்கப்பில் ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு, தஞ்சாவூர் வழியாகப் பாபநாசம் வரைக்கும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பார். வண்டியை அவரே ஓட்டுவார். அதற்கு முன்னால் கூடையோடு பஸ்ஸில் போனவர். மீன் வாடை அடிக்கிறது என்று ஏற்றமாட்டார்கள். ஏற்றினால் கடைசிப் படியில் நிற்கவேண்டும். ஒருநாள் கொட்டுகிற மழையில், யாரோ மூக்கைப் பொத்தினார்கள் என்பதற்காகப் பாதி வழியில் இறக்கிவிட்டார்களாம். கூடையைத் தலையில் வைத்து நடந்துகொண்டே, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாராம்.

அந்த பிக்கப் எங்களிடம் வந்தபோது அதன் அடிப்பாகத்தைப் பார்த்து நானே உச்சுக் கொட்டினேன். ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக ஒழுகி, குழாய், பிராக்கெட், நிப்பிள் எல்லாம் ஒரே துரு. ஸ்பானர் வைத்துத் தட்டினால் பக்கோடாத் தூள் மாதிரி உதிர்ந்தது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோன இடத்தில் பிரேக் போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை மறுபடி காட்டவேண்டும். அதிலும் தவறினால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"போட்டுட்டா நான் மறுபடி கூடையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி நிக்கணும் தம்பி" என்றார் அக்கா. "நிக்க மாட்டேன். நீங்க எப்படியாவது பாத்துக் குடுங்க."

"பிரேக்கை எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல, கவலைய விடுங்க" என்றேன். அன்றைய தலைக்கனம் அப்படி.

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. நிப்பிள்கள் மேல் முதல் நாள் இரவே டீசலை ஊற்றி ஊறவிட்டிருந்தோம். அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துபோய்ப் பாதி உள்ளேயே நின்றுவிடும். மெதுவாகத் தட்டி, சூடு காட்டி, மறுபடி தட்டி, நாலையும் முழுசாக எடுத்தேன். துருப்பிடித்த குழாய்களை மாற்றினேன். பின் வீல் சிலிண்டர்களைப் புதிதாகப் போட்டேன். முன் வீல் காலிபர் இரண்டையும் மேஸ்திரியே கழற்றி எடுத்துக்கொண்டார். பிரேக் மிதித்தால் சக்கரத்தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பெட்டிதான் காலிபர். அதற்குள் இருக்கும் பிஸ்டனைத் தேய்த்து, ரப்பர் சீல் மாற்றி, காகிதத்தில் சுற்றி முறத்தில் வைத்தார். மறுநாள் திருப்பனந்தாளில் அவர் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம்.

"செல்வம், காலையில மாட்டிட்டு ஏர் எடுத்துரு. குறி போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்ஷாப்புக்கு லீவு. அக்கா மட்டும் காலையிலேயே வந்து நின்றார். மீன் விற்கிறவர்களுக்கு ஞாயிறு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். காகிதத்தைப் பிரித்தேன். ஒரு காலிபரில் வெள்ளை பெயிண்டில் "வ" என்று ஒரே ஒரு எழுத்து. இன்னொன்று மொட்டையாக இருந்தது. ஒன்றுக்குக் குறி போட்டால் மற்றது எதற்கு என்று விட்டிருக்கிறார். "வ" என்றால் வலது. வலது என்றால் டிரைவர் பக்கம். யோசிக்க இதில் ஒன்றும் இல்லை என்று மாட்டினேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். வாயால் வடக்கு தெற்கு என்பாரே தவிர, மேஸ்திரி எழுதி நான் பார்த்ததே லீவு சீட்டில் போடும் கையெழுத்துதான். அதனால் அவர் பேச்சும் அந்த எழுத்தும் என் மண்டையில் ஒன்று சேரவில்லை. மாட்டும்போது காலிபருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. பழைய ஹோஸ் அப்படித்தான் என்று தள்ளிவிட்டேன். நிப்பிள் ஸ்பானருக்கு ரொம்ப வாகாக அமைந்தது. அதற்குச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

அக்கா சீட்டில் ஏறினார். நான் அடியில் போனேன். "மிதிங்க, பிடிங்க, விடுங்க" ஆரம்பமானது. பின் வீல் இரண்டும் ஒழுங்காக முடிந்தன. முன் வீலில் தொடக்கத்தில் நாலைந்து குமிழி வந்தது, பிறகு சுத்தமான ஆயில். எல்லாம் சரி என்று மூடிவிட்டு மேலே வந்து மிதித்துப் பார்த்தால், பெடல் கொழகொழவென்று இறங்குகிறது. மறுபடி படுத்தேன். மறுபடி சுத்தமான ஆயில். மறுபடி கொழகொழ.

"அக்கா, நான் சொல்றதுக்கு முன்னாடி கால எடுத்துடறீங்க" என்றேன்.

"எடுக்கலியே தம்பி."

"எடுக்காம எப்படிக் காத்து வரும்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

நாலு தரம் வேகமாக அடித்து மிதித்தால் பெடல் கொஞ்சம் மேலே நின்றது. ஓட்டிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை ரோட்டுக்கு எடுத்தேன். செய்திருக்கக் கூடாத காரியம். குறுவை அறுத்த சமயம். ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனேன். நெல் கிளறிக்கொண்டிருந்தவர் குறுக்கே வந்தார். மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி நின்ற இடம் நெல் மேல்.

அந்த மனிதர் திட்டக்கூட இல்லை. குனிந்து டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "யோவ், காய வெச்சிருக்கேன். அரைக்கச் சொல்லல" என்றார்.

அக்கா இறங்கி அவரோடு சேர்ந்து நெல்லை ஒதுக்கிக் கூட்டிக் கொடுத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் ஷெட்டுக்குத் திரும்பியதும் கோபமாக வந்தது. மறுபடி அடியில் படுத்தேன், மறுபடி அதே கதை. அப்போதுதான் அடியிலிருந்தே கத்தினேன்.

"பெடல் மிதிக்கத் தெரியாதவங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இந்த மீன் வாடையில எனக்குத் தலை வேற சுத்துது."

மேலே கதவு திறந்தது. அக்காவின் கால்கள் இறங்கி, நடந்து, மீன் பெட்டி கவிழ்த்திருந்த இடத்துக்குப் போவது வண்டிக்கு அடியிலிருந்து தெரிந்தது. அந்த வார்த்தை வாயைவிட்டுப் போனதுமே எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று அவர் வண்டி வாங்கினாரோ, அதையே அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு கிடந்தேன்.

"வேற ஆள மிதிக்கச் சொல்லு" என்றார் அக்கா. அதுவரை நீங்க என்று பேசியவர் அந்த நிமிடத்திலிருந்து நீ என்று மாறினார். இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

எதிர்க் கடையிலிருந்து டீ கொண்டுவந்தவரை ஏற்றி மிதிக்கச் சொன்னேன். அவர் நான் சொன்னது சொன்னபடி மிதித்தார், பிடித்தார், விட்டார். பெடல் அதே கொழகொழ. அவர் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது குறை சொல்ல எனக்கு ஆள் இல்லை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர்தான் போயிருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அதற்குச் சாமான் வாங்கக் கடை திறந்திருக்காது. மேஸ்திரிக்குப் போன் போட்டால், செல்போன் அவர் வீட்டு அலமாரியில் அடிப்பதாக அவர் மகள் சொன்னாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டார்.

எழுந்து வந்து டிரைவர் பக்கத்து முன் வீலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். டயரைக் கழற்றி வைத்திருந்ததால் காலிபர் வெளியே தெரிந்தது.

"இதுல என்ன வ போட்டிருக்கு?"

"வலதுன்னு மேஸ்திரி போட்டது."

"எங்க ஊருல வலையில வ போட்டா வாடை."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னதைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "அது வந்து, ஏதோ கோவத்துல..." என்று இழுத்தேன்.

"அந்த வாடை இல்ல. வாடைக் காத்து. வடக்கேருந்து அடிக்கிறது. வலையோட வடக்கு முனைக்கு வ போடுவோம், தெக்கு முனைக்குச் சோ. சோழகம், தெக்கேருந்து அடிக்கிறது."

காத்து என்றார், வடக்கு என்றார். காலையிலிருந்து நான் காற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தன் வாழ்க்கையில் வலது என்ற சொல்லையே சொல்லாத ஒரு மனிதர் அந்த எழுத்தை எழுதியிருக்கிறார். வண்டி மூக்கு கிழக்கே. வடக்கு என்றால் கிளீனர் பக்கம். நான் வடக்கைக் கொண்டுபோய்த் தெற்கில் மாட்டியிருக்கிறேன்.

அப்போதுதான் நிப்பிளைப் பார்த்தேன். கை பழகிய வேலைக்குக் கண் வேண்டாம் என்று இருந்தவன், அன்றைக்கு முதல் தடவையாகக் குனிந்து கண்ணால் பார்த்தேன். நிப்பிள் காலிபரின் அடியில் இருந்தது. மேலே இருக்கவேண்டியது அது. பக்கம் மாற்றி மாட்டினால் தலைகீழாகிவிடும். காற்று எப்போதும் மேலே போய்த்தான் நிற்கும். அது மேலே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, நான் கீழே திறந்து திறந்து நல்ல ஆயிலைக் கொட்டுவதை வேடிக்கை பார்த்திருக்கிறது. ஐ.டி.ஐ.யில் படித்த அந்த நாலு பக்கத்தில் இது இருந்தது.

இரண்டையும் கழற்றி மாற்றினேன். ஹோஸ் முறுக்கு விட்டு நேராக நின்றது. அக்கா சீட்டில் ஏறினார். கிளீனர் பக்கத்து நிப்பிளைத் திறந்ததும் டியூபில் காற்று குபுகுபுவென்று வந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. மூடிவிட்டு டிரைவர் பக்கம் நகர்ந்தேன். அக்கா கீழே இறங்கி வந்தார்.

"நீ மேல ஏறு. இத நான் தொறக்கறேன்."

"அக்கா, அது கால் சுத்துத்தான்..."

"காலையிலேருந்து உன் கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஏறு."

சாக்கை விரித்துப் படுத்து, ஸ்பானரை வாங்கிக்கொண்டார். இருபது வருடத்தில் முதல் தடவையாக ஏர் எடுக்கும்போது நான் பெடல் பக்கம் உட்கார்ந்தேன். கீழேயிருந்து, "மிதி" என்று குரல் வந்தது. மிதித்தேன். "பிடி." பிடித்தேன். பெடல் இறங்கியது, நின்றது. நான் அசையவே இல்லை.

"கால எடுத்துட்டே" என்றது குரல்.

"எடுக்கலக்கா."

"எடுக்காம எப்படிக் காத்து வரும்?"

அவர் ஐந்தாறு தடவை அப்படியே செய்தார். ஒவ்வொரு தடவையும் நான் காலை எடுத்துவிட்டதாகத்தான் தீர்ப்பு. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. அதன் மேல் எழுந்து நின்றாலும் இறங்காது.

திங்கட்கிழமை எஃப்.சி.க்கு நானும் கூடப் போனேன். அக்கா ஓட்டினார், நான் பக்கத்தில். ஆய்வாளர் தூரத்தில் நின்று கையைக் காட்டினார். அக்கா எவ்வளவு வன்மத்தோடு மிதித்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டி கோடு போட்டது போல் நின்றது. நான் நிற்கவில்லை. என் நெற்றி முன்கண்ணாடியில் போய் முட்டியது. "போதும்மா, போதும்" என்றார் ஆய்வாளர். காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அக்கா என் நெற்றியின் வீக்கத்தைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மேஸ்திரி மறுநாள் வந்தார். நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

"எழுதறதுதான் எழுதினீங்க, முழுசா எழுதக்கூடாதா மேஸ்திரி?"

"ஒரு எழுத்துக்கு மேல எதுக்கு?"

"நான் வலதுன்னு நெனச்சேன்."

"யாருக்கு வலது? வண்டிக்கா, வண்டியப் பாத்து நிக்கிற உனக்கா? நீ திரும்பினா உன் வலதும் கூடவே திரும்பும். வடக்கு திரும்புமா?"

"வண்டி திரும்புமே மேஸ்திரி."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பத்து விரலும் முடிந்தது. "ம்" என்றார். அது எனக்குச் சொன்னதா, அவருக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் சுவரில் பச்சை பெயிண்டில் அந்த வரி இருந்தது. எங்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. இரண்டு நாள் கழித்து அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி வந்தது. மேஸ்திரி யாரிடமாவது மன்னிப்புக் கேட்டதாக ஒர்க்ஷாப்பில் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

இவ்வளவையும் சுருக்கி, "இன்னும் ஒரு சாண் கீழே சுரண்டிப் பாருங்கள்" என்று மட்டும் குழுவில் போட்டேன். சுரண்டியிருக்கிறார்கள். போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். "வண்டி கிழக்கே பார்த்து நின்றால்" என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. அந்த இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி வெள்ளையடித்திருந்தார்கள். திருப்பனந்தாளில் இருக்கும் மேஸ்திரிக்குப் போன் செய்து சொன்னேன். "நீ எங்க பாத்து நின்னு பேசுற?" என்று கேட்டார்.

நான் போன நேரம் ஒரு பிக்கப் பிரேக் வேலைக்கு நின்றுகொண்டிருந்தது. மலர்க்கொடி அக்காவுடையது. அந்தப் பழைய பிக்கப்பை மேலும் ஆறு வருடம் ஓட்டிவிட்டுத்தான் மாற்றினார். தலை நரைத்திருந்தது, குரல் அப்படியேதான் இருந்தது. ஒர்க்ஷாப்பில் புதிதாக வாங்கிய மெஷினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது மேலேயிருந்து ஆயிலை அழுத்தித் தள்ளும். அடியில் ஒருவர் நிப்பிளைத் திறந்தால் போதும். நல்ல மெஷின், வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

அக்கா பழக்கத்தில் சீட்டில் ஏறப் போனார்.

"வேணாங்கம்மா, நீங்க உக்காருங்க" என்றார் மெஷினைப் பிடித்திருந்தவர். "இப்பல்லாம் யாரும் மிதிக்க வேண்டியதில்ல."

"அப்பக் காத்து நிக்கலேன்னா யாரத் திட்டுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. பெடல் விஷயம் மட்டும் இல்ல. வாடைன்னு சொன்னேனே, அது ரொம்பத் தப்பு. அப்பவே நீங்க என்னைய நாலு திட்டு திட்டியிருக்கணும்."

அக்கா வண்டிக் கதவைச் சாத்தினார்.

"திட்டாம விட்டனா? நல்லாத்தான் திட்டினேன்" என்றார். "நீ அடியில படுத்துக்கிட்டு மிதி, மிதின்னு கத்திக்கிட்டிருந்தே. உனக்குத்தான் கேக்கல."